தாளில் ஊற்றிய தண்ணீர்: கொள்ளளவு, கூட்டல் வீட்டுப் பயிற்றிகள் குறித்து ஒரு விமர்சனம்

ஆசிரியர் புலனக் குழுவில் இருக்கும் எவருக்கும் இது பழகிப்போன ஒன்றுதான். வெள்ளிக்கிழமை பள்ளி முடியும் நேரத்தில் ஒரு பி.டி.எஃப் கோப்பு வந்து விழும். 'கணிதம் ஆண்டு 1, கொள்ளளவு, பெற்றோர் துணையுடன் வீட்டில் செய்க.' அதன் பின்னாலேயே இன்னொன்று: 'அடிப்படைக் கூட்டல், 50 கேள்விகள்.' அடுத்த நிமிடமே 'அருமை டீச்சர்', 'நன்றி ஐயா, பயன்படுத்திக்கொள்கிறேன்' என்று பதில்கள் வரும், கைகூப்பும் படங்களும் வரும். கோப்பை யாராவது திறந்து, முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரை படித்துப் பார்த்தார்களா என்றால் அதுதான் சந்தேகம்.

நம்மவர் எழுதும் கவிதையை விமர்சிக்கிறோம். சிறுகதைக்கு ஆய்வரங்கம் வைக்கிறோம். ஆனால் ஆறு, ஏழு வயதுப் பிள்ளையின் புத்தகப்பைக்குள் வாரந்தோறும் போய்ச் சேரும் இந்த ஒரு பக்கத் தாளை ஒரு படைப்பாக எடுத்துவைத்து யாரும் பேசுவதில்லை. இங்கே அதைத்தான் செய்யப் பார்க்கிறேன். தயாரித்தவர் யார், எந்தப் பள்ளி என்பதெல்லாம் இங்கு வேண்டாம். பெரும்பாலான தாள்களில் பெயரே இருக்காது. பத்துக் கைகள் மாறி, எழுத்துரு உடைந்து வந்து சேர்ந்தவை அவை. தாளைப் பற்றி மட்டும் பேசுவோம்.

முதலில், இந்த இரண்டு தலைப்புகள் ஏன் வீட்டுக்கு அதிகம் போகின்றன? காரணம் நல்ல காரணம்தான். கொள்ளளவுக்கு வேண்டிய பொருள் அத்தனையும் சமையலறையில் இருக்கிறது. வகுப்பறையில் முப்பது பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்தால் தரையைத் துடைக்கவே ஒரு பாடவேளை போய்விடும். அடிப்படைக் கூட்டலோ, நாளுக்கு ஐந்து நிமிடம் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. ஆகவே இரண்டையும் வீட்டுக்கு அனுப்புவது சரி. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது வேறு வழியின்றித் தொடங்கிய பழக்கம், பள்ளி திறந்த பிறகும் தொடர்கிறது. அதிலும் தவறில்லை. தாள் வீட்டுக்குள் போனதும் அங்கே என்ன நடக்கிறது என்பதில்தான் எனக்குக் குறை.

கொள்ளளவுத் தாளை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய எல்லாத் தாளிலும் ஒரு படம் இருக்கும். ஒரு பக்கம் உயரமான ஒல்லிக் குவளை, மறுபக்கம் குட்டையான அகலக் கிண்ணம். இரண்டிலும் நீல வண்ணத்தில் நீர். 'எதில் நீர் அதிகம்? வட்டமிடுக.' பாருங்களேன், இந்தக் கேள்விக்கு உங்களால் பதில் சொல்ல முடியுமா? படத்தில் உயரம் தெரிகிறது, அகலம் தெரிகிறது. கிண்ணம் உள்ளே எவ்வளவு ஆழம் போகிறது, பின்பக்கம் எவ்வளவு விரிந்திருக்கிறது என்பது தெரியாது. தாளுக்கு அந்த மூன்றாவது பக்கமே கிடையாது. பெரியவர்களுக்கே தெரியாத ஒன்றைப் பிள்ளையிடம் கேட்டுவிட்டு, விடைப்பட்டியில் ஏதாவது ஒன்றைச் சரி என்று போட்டுவிடுகிறோம். பிள்ளை ஊகிக்கிறது. ஊகம் பலித்தால் நட்சத்திரம், பலிக்காவிட்டால் சிவப்புக் கோடு. கொள்ளளவு பற்றி அது எதையும் கற்கவில்லை. விடை தண்ணீரிடம் இல்லை, டீச்சரிடம் இருக்கிறது என்பதை மட்டும் நன்றாகக் கற்றுக்கொள்கிறது. ஆறு வயதில் பதியும் இந்தப் பாடம் லேசில் அழியாது. மேல் ஆண்டுகளில் 'சார், கூட்டலா கழித்தலா?' என்று கேள்வியைப் படிக்காமலே கேட்கும் பிள்ளையை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அந்தப் பழக்கத்தின் விதை இங்கேதான் விழுகிறது என்பது என் எண்ணம்.

சில தாள்களில் ஒரே மாதிரியான மூன்று குவளைகளை வரைந்து, நீர்மட்டத்தை மட்டும் மாற்றிக் காட்டியிருப்பார்கள். இதற்கு விடை உண்டு, தவறில்லை. ஆனால் பிள்ளை இங்கே ஒப்பிடுவது கோட்டின் உயரத்தை. அது நீட்டலளவைப் பயிற்சி. தலைப்பில் கொள்ளளவு என்று போட்டதால் மட்டும் அது கொள்ளளவு ஆகிவிடாது.

பியாஜே பெயரைச் சொல்லாமல் இந்தப் பகுதியைத் தாண்ட முடியாது. ஆசிரியர் கல்விக் கழகத்தில் தேர்வுக்குத் தயாராகும் பயிற்சி ஆசிரியர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். ஒரே அளவான இரண்டு குவளைகளில் சமமாக நீர் ஊற்றி, ஒன்றை ஒல்லிக் குவளைக்கு மாற்றினால், சின்னப் பிள்ளை 'உசரமா இருக்கிறதுலதான் நிறைய' என்று சொல்லும். ஏழு வயதை ஒட்டித்தான் 'ஊத்தி மாத்தினா அளவு மாறாது' என்ற தெளிவு வரத் தொடங்குகிறது. பியாஜேயும் அலினா செமின்ஸ்காவும் 1941-இல் வெளியிட்ட நூலில் இந்தச் சோதனைகள் விரிவாக உள்ளன. தேர்வுத்தாளில் எல்லாரும் இதுவரை எழுதிவிடுவார்கள். இதற்கு மேல் ஒரு படி இருக்கிறது. மார்கரெட் டொனால்ட்சன் 1978-இல் குழந்தைகளின் மனம் பற்றி எழுதிய நூலில் வேறொரு பக்கத்தைக் காட்டினார். ஒரே கேள்வியைப் பெரியவர் இரண்டாம் முறை கேட்டால், பிள்ளை பொருளைப் பற்றி மட்டும் யோசிப்பதில்லை. 'இவர் ஏன் திரும்பக் கேட்கிறார்?' என்றும் யோசிக்கிறது. வரிசையாக வைத்த வில்லைகளைப் பெரியவர் நகர்த்தாமல், குறும்புக்காரக் கரடிப் பொம்மை ஒன்று வந்து கலைத்துவிட்டதுபோல் செய்தபோது, எண்ணிக்கை மாறவில்லை என்று சரியாகச் சொன்ன பிள்ளைகள் கூடினர். ஜேம்ஸ் மெக்கேரிகலோடு அவர் செய்த அந்தச் சோதனை இன்றும் பேசப்படுகிறது.

இதை வீட்டுக்குக் கொண்டு போங்கள். அம்மா ஊற்றுகிறார். 'இப்ப எதுல அதிகம்?' பிள்ளை ஒல்லிக் குவளையைக் காட்டுகிறது. தாளில் 'இரண்டும் சமம்' என்று விடை இருக்கிறது. அம்மாவுக்குப் பொறுமை போகிறது. 'நல்லா பாரு!' பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்த்து விடையை மாற்றுகிறது. தாளில் சரி. புரிதலில் ஒன்றுமில்லை. பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. 'பிள்ளை தவறாகச் சொன்னால் திருத்த வேண்டாம். நீரை மறுபடி பழைய குவளையிலேயே ஊற்றச் சொல்லுங்கள்' என்ற ஒரு வரியை நாம் தாளில் எழுதியிருக்க வேண்டும். நான் பார்த்த தாள்கள் எதிலும் அந்த வரி இல்லை. ஊற்றித் திருப்பி ஊற்றினால் தண்ணீரே பதில் சொல்லும். இன்றைக்குப் புரியாவிட்டால் அடுத்த மாதம் புரியும். ஆறு வயதில் புரியவில்லை என்பது நோயல்ல.

அடுத்தது, 'ஒரு வாளியை நிரப்ப எத்தனை குவளை நீர் தேவை?' என்ற வகை. முதலாம் ஆண்டுக்கு ஏற்ற நல்ல கேள்வி. லிட்டரும் மில்லிலிட்டரும் இரண்டாம் ஆண்டில்தான் வருகின்றன; அதற்கு முன் கையில் கிடைக்கும் பாத்திரத்தால் அளப்பது சரியான வரிசை. ஆனால் இதற்கும் விடைப்பட்டியில் '10 குவளை' என்று போட்டிருப்பார்கள். யார் வீட்டு வாளி? யார் வீட்டுக் குவளை? இந்த நடவடிக்கையின் உயிரே வீட்டுக்கு வீடு விடை வேறுபடுவதில்தான் இருக்கிறது. ஒருத்தி 14 என்பாள், இன்னொருவன் 9 என்பான். 'ஏன் அப்படி? யார் சொல்வது சரி?' என்று திங்கட்கிழமை வகுப்பில் கேட்டால், லிட்டர் என்ற பொது அளவு எதற்குத் தேவைப்பட்டது என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். எல்லாருக்கும் 10 என்று அச்சடித்துவிட்டால் அந்த உரையாடலுக்கு இடமே இல்லை. அளக்காமலே 10 என்று எழுதிவரும் வீடுகளும் உண்டு. அதற்கும் முழு மதிப்பெண் கிடைக்கும்.

தாள் தயாரிப்பவர் நம் ஊர்ச் சமையலறைக்குள் ஒருமுறை போய் வர வேண்டும் என்பேன். 'வீட்டிலுள்ள 1 லிட்டர் சமையல் எண்ணெயை எடுத்துக்கொள்க' என்று ஒரு தாள் சொல்கிறது. மலேசியாவில் சமையல் எண்ணெய் கிலோகிராமில் அல்லவா விற்கிறது! பொட்டலமாக இருந்தாலும் போத்தலாக இருந்தாலும் 1 கிலோ, 2 கிலோ, 5 கிலோ என்றுதான் அச்சிட்டிருக்கும். எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. 1 கிலோ எண்ணெய் 1 லிட்டரைவிடக் கொஞ்சம் அதிக இடம் பிடிக்கும். வெளிநாட்டுத் தாளை மொழிபெயர்த்ததில் நேர்ந்த வழுவாக இருக்கலாம். பிள்ளை அலமாரியைத் திறந்து பார்த்தால் பொருண்மையும் கொள்ளளவும் ஒன்று என்றே நினைத்துக்கொள்ளும்.

அதே அலமாரியில் நல்ல பொருள்களும் கிடக்கின்றன. சோற்றுக் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கிண்ணம் பெரும்பாலும் 180 மில்லிலிட்டர். கேக் செய்ய வைத்திருக்கும் அளவுக் கோப்பை 250. இரண்டையும் 'ஒரு கப்' என்றே வீட்டில் சொல்கிறோம். இந்த இரண்டு 'ஒரு கப்'பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஊற்றச் சொல்வதைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தெரியவில்லை. காலியான பால் டின்னில் அரிசி அளந்த வீடுகள் நம்மிடம் நிறைய. பாட்டி உள்ள வீடாக இருந்தால் ஆழாக்கு, உழக்கு, உரி, படி என்ற சொற்களும் எங்கோ ஒளிந்திருக்கும். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. ஒவ்வொரு படியிலும் இரட்டிப்பு. 1, 2, 4, 8 என்று போகும் இந்த அடுக்கு, கூட்டல் பாடத்தின் 1+1, 2+2, 4+4 அல்லாமல் வேறென்ன? மலாய்க்காரர் சுப்பாக்கு, கந்தாங் என்று அளந்ததும் இதே போக்குதான். நான்கு சுப்பாக்கு ஒரு கந்தாங். பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. பாட்டியிடம் ஒரு கேள்வி கேட்டு வா என்று அனுப்பினால் அந்தத் தாள் வீட்டில் பேச்சைத் தொடங்கிவைக்கும். 'வட்டமிடுக' என்பது பேச்சை முடித்துவைக்கும்.

(தண்ணீர் வெட்டு அறிவிப்பு வந்த நாளில் வீட்டில் உள்ள வாளி, குடம், அண்டா எல்லாம் வரிசையில் நிற்குமே, அன்றைக்கு ஒரு பயிற்றியும் அனுப்பாதீர்கள். பிள்ளை அன்று கொள்ளளவைத் தானாகப் படிக்கும்.)

இனிக் கூட்டல் தாள். இதில் குறை வேறு வகை. ஐம்பது கேள்விகள், கலைத்துப் போட்டவை, மேல்மூலையில் கடிகாரப் படம், 'நேரம்: 5 நிமிடம்'. அடிக்குறிப்பாக 'விரல் விட்டு எண்ணுதல் கூடாது'. ஏன் கூடாது என்று யாரும் எழுதுவதில்லை. 1972-இல் கிரோன், பார்க்மன் என்ற இரு ஆய்வாளர்கள் முதலாம் வகுப்புப் பிள்ளைகள் கூட்டல் விடை சொல்ல எடுக்கும் நேரத்தை அளந்தார்கள். இரண்டு எண்களில் சிறியது எவ்வளவு பெரிதோ அவ்வளவு நேரம் கூடியது. அதாவது பிள்ளைகள் பெரிய எண்ணைப் பிடித்துக்கொண்டு சிறியதைத் தொடர்ந்து எண்ணுகிறார்கள். 2+7 என்றால் 'ஏழு... எட்டு, ஒம்பது'. இது சோம்பேறித்தனம் அல்ல, வளர்ச்சி. இரட்டை எண்கள் மட்டும் விதிவிலக்கு: 4+4 போன்றவற்றுக்கு எண் பெரிதானாலும் நேரம் கூடவில்லை. அவை முன்பே மனத்தில் பதிந்துவிட்டன. நம் தாளோ 3+8-ஐயும் 6+6-ஐயும் 0+5-ஐயும் ஒரே கூடையில் கொட்டி, எல்லாவற்றுக்கும் ஒரே நேரம் என்கிறது.

கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம். 0 முதல் 9 வரையுள்ள எண்களை இரண்டிரண்டாகக் கூட்டினால் 100 கூட்டல்கள் வரும். பெற்றோர் மிரள்வது இந்த நூற்றைப் பார்த்துத்தான். இடம் மாற்றினாலும் விடை மாறாது என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால் நூறு 55 ஆகிவிடும். பூஜ்யம் வருபவை 10. விடை பத்துக்குள்ளேயே அடங்குபவை 25. பத்தைத் தாண்டுபவை வெறும் 20. இந்த இருபதில் இரட்டைகள் நான்கு: 6+6, 7+7, 8+8, 9+9. மற்றவற்றில் ஒன்பது வருபவை ஏழு. பத்தைக் கூட்டி ஒன்றைக் குறைத்தால் தீர்ந்தது. இரட்டைக்குப் பக்கத்து வீடு போன்ற 5+6, 6+7, 7+8 மூன்று. எட்டு வருபவை நான்கு: 3+8, 4+8, 5+8, 6+8, மற்ற எண்ணிலிருந்து இரண்டை எடுத்து எட்டுக்குக் கொடுத்தால் பத்து. இதற்குப் பிறகு மிஞ்சுவது எத்தனை? 4+7, 5+7. இரண்டே இரண்டு. நூறு என்று பயமுறுத்தியது கடைசியில் இரண்டில் வந்து நிற்கிறது. இந்த வரிசையில் ஐந்து கேள்விகள் கொண்ட சின்னத் தாள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போனால், ஐம்பது கேள்வித் தாளுக்கு அழும் பிள்ளையும் சிரித்துக்கொண்டு செய்யும். தாள் தயாரிப்பவர் இந்தப் பாகுபாட்டைச் செய்யவில்லை என்றால், கணினி தாறுமாறாக உருட்டிக் கொடுத்த கேள்விகளுக்கும் ஆசிரியர் தயாரித்த கேள்விகளுக்கும் என்ன வேறுபாடு?

இங்கே தமிழுக்கு ஒரு வசதி இருக்கிறது. நம் தாள்கள் அதைத் தொடுவதே இல்லை. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு என்று சொல்லும்போதே பத்து உள்ளே உட்கார்ந்திருக்கிறது. 8+5 என்பதற்கு எட்டோடு இரண்டைச் சேர்த்துப் பத்து, இன்னும் மூன்று என்று வந்த பிள்ளைக்கு விடையின் பெயரும் கையோடு கிடைக்கிறது: பத்து, மூணு, பதிமூணு. ஆங்கிலத்தின் லெவன், டுவெல்வ் என்ற பெயர்களில் இந்த வெளிச்சம் இல்லை. தாய்மொழியில் கணிதம் வேண்டும் என்று மேடையில் உணர்ச்சியோடு பேசுகிறோம். இப்படி ஒரு நல்ல காரணம் கையில் இருக்கும்போது அதைப் பாடத்தில் காட்டினால் போதாதா?

ஆனால் வீட்டில் யார் இதைச் சொல்லிக்கொடுப்பது? இதுதான் எனக்குப் பெரிய கவலை. 2003-இல் முதலாம் ஆண்டில் நுழைந்த பிள்ளைகள், தமிழ்ப்பள்ளியிலேயே கணிதத்தை ஆங்கிலத்தில் படித்தார்கள். கணிதம், அறிவியல் பாடங்களை ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை அந்த ஆண்டுதான் தொடங்கியது. அந்தப் பிள்ளைகள் இன்று முப்பதை ஒட்டிய வயதில் நம் முதலாம் ஆண்டு மாணவர்களின் அம்மா அப்பாக்களாக நிற்கிறார்கள். தேசியப் பள்ளியில் படித்தவர்களுக்கோ தம்பா, இசிபாடு செச்சாயர் என்றுதான் பழக்கம். நாம் அனுப்பும் தாளில் 'கொள்ளளவை உற்றுநோக்கி ஒப்பீடு செய்து அட்டவணையை நிறைவு செய்க' என்று இருக்கிறது. 'டீச்சர், கொள்ளளவுன்னா வால்யூம்தானே?' என்று கேட்டு எழுதும் தாய் விவரமானவர். கேட்கக் கூச்சப்பட்டு, பிள்ளையின் கையிலிருந்து பென்சிலை வாங்கித் தானே வட்டமிட்டு அனுப்புபவர்கள்தான் அதிகம். கலைச்சொல்லைக் கைவிடச் சொல்லவில்லை. கொள்ளளவு அழகான சொல். பாத்திரம் கொள்ளும் அளவு என்று சொல்லே பொருளைச் சொல்லிவிடுகிறது. அந்த விளக்கத்தையும் ஒரு வரியாகத் தாளின் மேலே போட்டு, 'எவ்வளவு பிடிக்கும்?' என்று வீட்டில் கேட்கும் சாதாரணக் கேள்வியையும் எழுதிவிட்டால் போதும்.

இரண்டு தலைப்பையும் சேர்த்துத் தயாரித்த தாள்களும் வரத் தொடங்கியிருக்கின்றன. முயற்சி பாராட்டத்தக்கது. ஆனால் அதில் ஒன்றைப் பாருங்கள். ஒரு பக்கம் மூன்று பெரிய குவளைகள், மறுபக்கம் நான்கு சின்னக் கோப்பைகள், நடுவில் கூட்டல் குறி. விடை: 7. ஏழு என்ன? ஏழு குவளை நீரா, ஏழு கோப்பை நீரா? மூன்று பூனையையும் நான்கு நாயையும் கூட்டி ஏழு விலங்கு என்று சொல்லலாம், எண்ணுவது விலங்கை. நீரை அளக்கும்போது அப்படிச் சொல்ல முடியாது. அளவை ஒன்றாக இருந்தால்தான் கூட்ட முடியும். இரண்டாம் ஆண்டில் 2 லிட்டர் 300 மில்லிலிட்டரையும் 450 மில்லிலிட்டரையும் கூட்டச் சொன்னால் 2+300+450 என்று போடும் பிள்ளைக்குக் கவனம் போதவில்லை என்கிறோம். அப்படிக் கூட்டலாம் என்று போன ஆண்டு படம் போட்டுக் காட்டியவர்கள் நாம்தான். இந்த ஒரு பிழைக்காக மட்டுமே அந்தத் தாளைத் திருப்பி அனுப்பலாம்.

இரண்டையும் சேர்க்க நேரான வழி ஒன்று உண்டு. உள்ளே தெரிகிற பெரிய போத்தல் ஒன்று, சின்னக் கிண்ணம் ஒன்று, மேலிருந்து கீழ் வரை ஒட்டிய வெள்ளை நாடா. கிண்ணத்தால் ஒவ்வொன்றாக ஊற்றி, ஒவ்வொரு மட்டத்திலும் கோடு போட்டு 1 முதல் 18 வரை எண் எழுத வேண்டும். 10-இல் மட்டும் சிவப்புக் கோடு. அடிப்படைக் கூட்டலின் உச்சமே 9+9, ஆகவே 18 போதும். பிறகு போத்தலைக் காலியாக்கி, 8 கிண்ணம் ஊற்றி நிறுத்தி, 'இன்னும் அஞ்சு ஊத்தினா எங்க வந்து நிக்கும்?' என்று கேட்க வேண்டும். பிள்ளை விரலை வைத்துக் காட்டட்டும். ஊற்றும்போது நீர் சிவப்புக் கோட்டைத் தாண்டி மூன்று கோடு மேலே போய் நிற்கும். எண்கோட்டை நிமிர்த்தி வைத்ததுபோல்தான். வரைவதற்கு வில்லைகளும் வேண்டாம், வண்ணத்தாளும் வேண்டாம். போத்தலின் கழுத்து ஒடுங்கும் இடத்தில் கோடுகளுக்கு இடையே இடைவெளி கூடும். 'ஒரே கிண்ணம்தானே ஊத்தினோம், ஏன் இங்க மட்டும் உசரமா ஏறுது?' என்று பிள்ளை கேட்டால், மேலே சொன்ன பியாஜே குவளை தானாகவே பாடத்துக்குள் வந்துவிட்டது. கிண்ணம் 50 மில்லிலிட்டராக அமைந்தால் இன்னும் நல்லது. 20 கிண்ணம் ஒரு லிட்டர் என்று அடுத்த ஆண்டு அதே போத்தலை எடுக்கலாம்.

புரூனர் 1966-இல் எழுதிய செயல், படம், குறியீடு என்ற மூன்று நிலைகளைப் பயிற்சி ஆசிரியர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். கேள்வி அதுவல்ல. கையில் உள்ள தாள் எந்த நிலையில் தொடங்குகிறது என்று கேட்கப் பழகுங்கள். 'செயல்வழிக் கற்றல்' என்று தலைப்பிட்டிருக்கும். உள்ளே படம் மட்டுமே இருக்கும். படத்துக்கு வண்ணம் தீட்டுவது கைவேலைதான். செயல்நிலை ஆகாது.

எதிர்வாதம் வரும், தெரியும். அப்பா இரவு வேலை, அம்மா தொழிற்சாலையில் நேர மாற்று வேலை, பிள்ளை மாலை ஆறு மணி வரை பராமரிப்பு நிலையத்தில். தண்ணீர் ஊற்றி விளையாட யாருக்கு நேரம்? இது நியாயமான பேச்சு. ஐம்பது கேள்விக்கு அரை மணி நேரம் ஆகும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், போத்தல் பத்து நிமிடம்தான். குளிக்கும் நேரத்திலேயே செய்துவிடலாம். இன்னொரு வாதம் இதைவிடக் கனமானது. தாள் இருந்தால் கோப்பில் வைக்கலாம். வகுப்பறை மதிப்பீட்டுக்குச் சான்று கேட்டால் காட்டலாம். ஊற்றிய தண்ணீரை எந்தக் கோப்பில் வைப்பது? யு.பி.எஸ்.ஆர் 2021-இல் போய்விட்டது, முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டிறுதித் தேர்வும் இல்லை. ஆனாலும் தேர்வுத்தாளின் தோற்றத்தை நாம் விடவில்லை என்றால், காரணம் இந்தச் சான்றுப் பயம்தான். தாளையே மாற்றலாமே. விடை எழுதும் கோடுகளுக்குப் பதிலாக ஒரு கட்டம்: 'பிள்ளை என்ன சொன்னான் / சொன்னாள்?' அம்மா பேச்சு மொழியிலேயே எழுதட்டும். 'ஒல்லி கிளாஸ்ல நிறைய இருக்குன்னு சொன்னான், திரும்ப ஊத்தினதும் முழிச்சான்.' இந்த ஒரு வரி அந்தப் பிள்ளையின் அடைவுநிலையை ஐம்பது சரிக்குறிகளைவிடத் தெளிவாகச் சொல்கிறது. மேலதிகாரி கேட்டால் காட்டவும் முடியும்.

சும்மா குறை மட்டும் சொல்லக்கூடாது. வந்த தாள்களில் ஒன்று உண்மையிலேயே நன்றாக இருந்தது. அரைப்பக்கம்தான், படமே இல்லை. 'பத்துப் புளியங்கொட்டை எடுங்கள். சிலவற்றைக் கைக்குள் மறைத்து, மீதியைக் காட்டுங்கள். உள்ளே எத்தனை என்று கேளுங்கள். பிறகு நீங்கள் மறைத்ததுபோல் பிள்ளை மறைக்கட்டும், நீங்கள் சொல்லுங்கள்.' அவ்வளவுதான். பத்தின் ஐந்து இணைகளும், கழித்தலின் தொடக்கமும் அதற்குள் இருந்தன. பெரியவரும் விடை சொல்ல வேண்டிய இடத்தில் உட்காருவதால் பிள்ளைக்கு அது சோதனையாகத் தெரியாது. பல்லாங்குழியோ சொங்காக்கோ வீட்டில் இருந்தால் கொட்டைக்கும் அலைய வேண்டாம். அந்தத் தாளுக்குக் குழுவில் ஒருவர் மட்டும் கைகூப்பியிருந்தார். மற்றவர்கள், படம் இல்லாததாலோ என்னவோ, அடுத்து வந்த வண்ணத் தாளுக்குப் போய்விட்டார்கள்.

புளியங்கொட்டைத் தாளோடு போத்தல் தாளையும் சேர்த்து ஒரு மாதத்துக்குத் திட்டமிடுவது கடினமல்ல. முதல் வாரம் கொட்டையும் பத்தின் இணைகளும். இரண்டாம் வாரம் இரண்டு 'ஒரு கப்'புகளும் பாட்டியின் உழக்கும், கூடவே இரட்டை எண்கள். மூன்றாம் வாரம் போத்தலில் கோடு போடுவது மட்டும். அதற்கு ஒரு மாலை முழுதும் ஆகும், அவசரப்படுத்த வேண்டாம். நான்காம் வாரம் ஒன்பதும் எட்டும் வரும் கூட்டல்களைச் சிவப்புக் கோட்டைத் தாண்ட வைப்பது. 4+7, 5+7 இரண்டையும் தாளில் எழுதாமல் விட்டுவிடுங்கள். போத்தல் பக்கத்தில் இருக்கும்போது பிள்ளையே எட்டிப் பிடிக்கிறதா என்று அம்மா பார்த்து, அந்தக் கட்டத்தில் எழுதி அனுப்பட்டும்.